ரங்கூனில் ஒரு பொய்ச் சிதை

ரங்கூன் துறையில் இறங்கியதுமே மூட்டை தூக்கும் ஒருவன் என்னைத் "துரை" என்று கூப்பிட்டான். தலையில் புதுத் தொப்பி, காலில் புதுச் சப்பாத்து, பக்கத்தில் அசல் வெள்ளைக்காரர் ஒருவர். அவன் ஏமாந்ததில் வியப்பில்லை. நானும் திருத்தவில்லை. அதே கப்பலில் கீழ்த்தளத்தில் வந்த தமிழ்ச் சனங்களை வரிசையாக இறக்கி, வைத்தியப் பரிசோதனைக்காக வெயிலில் குந்த வைத்திருந்தார்கள். ஒருவர் நாக்கை நீட்டச் சொன்னார், இன்னொருவர் கண்ணிமையைப் புரட்டினார். கப்பலில் எனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்த திருக்கோவிலூர்க்காரர் அந்த வரிசையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பெட்டிகளைச் சரிபார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அசல் வெள்ளைக்காரரின் பெயர் ஒக்தாவ் மர்லியே. சினிமாப் படம் பிடிக்கிறவர். புதுச்சேரியில் ஒரு வக்கீலிடம் பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கிக் கொண்டிருந்த என்னைத் தமக்குத் துபாஷியாக அழைத்து வந்திருந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை "முசே" என்பேன். சினிமாக் கம்பெனி என்றதும் பெரிய பட்டாளத்தை நினைத்துவிட வேண்டாம். அவர், படம் பிடிக்கும் பெட்டி, அதை நிறுத்த ஒரு முக்காலி, சுருள்கள் வைத்த ஒரு தகரப் பெட்டி, நான். கம்பெனி அவ்வளவுதான்.

ரங்கூனில் மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவை லாஞ்சா என்கிறார்கள். இழுப்பவர்கள் பெரும்பாலும் தெலுங்கர்கள். முசே கனத்த உடம்புக்காரர். அவரும் படப்பெட்டியும் ஏறிய லாஞ்சாவின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் மாட்டிச் சாய்ந்தது. அவர் பெட்டியைக் குழந்தைபோல மார்போடு கட்டிக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். ஓரத்தில் மொஹிங்கா விற்றுக்கொண்டிருந்த பர்மாக்காரி ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னவென்று லாஞ்சாக்காரரைக் கேட்டேன். "பிள்ளைக்கு அடிபட்டுதான்னு கேக்குது" என்றார்.

மொஹிங்கா என்பது மீன் போட்டுக் கொதிக்க வைத்த கெட்டிக் குழம்பில் அரிசிச் சேவையை மிதக்கவிட்டுக் கொடுப்பது. அங்கேயே நின்று முசே இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நான் சப்பாத்துப் போட்டவன், தெருவில் நின்று சாப்பிடுவதாவது என்று தள்ளி நின்றேன். வாசனை மட்டும் எங்கள் குருசுக்குப்பத்து மீன் குழம்பை நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

ரங்கூனின் ஆலைப் பகுதியான பசுந்தாங்கில், டோ தின் என்கிற அம்மாளின் மர வீட்டு மாடியில் தங்கினோம். டோ என்பது பர்மாவில் வயதில் பெரிய பெண்களுக்குக் கொடுக்கும் மரியாதை. அந்த அம்மாள் எப்போதும் ஒரு முழ நீளச் சுருட்டோடு இருப்பாள். ஜன்னலுக்கு வெளியே ஓடை, ஓடைக்கரை நெடுக அரிசி ஆலைகள், ஆலைகளில் எல்லாம் நம் ஆட்கள். உமிப் புகை மாடிவரை வந்து சட்டையில் படியும்.

அன்று சாயங்காலம் முசே தம் கதையைச் சொன்னார். பிறந்தது பிரான்சின் வடக்கே. அப்பா திருவிழாத் திடல்களில் கரடி காட்டிப் பிழைத்தவர். கரடி செத்த பிறகு மகன் அதே கூடாரத்தில் சலனப் படம் காட்டினார். ஊருக்கு ஊர் நல்ல கொட்டகைகள் வந்ததும் கூடாரத்துக்குக் கூட்டம் நின்றது. மற்றவன் காட்டாததைக் காட்டினால்தான் சோறு என்று தாமே படம் பிடிக்க ஆரம்பித்தார். முதல் படம் கொலைகாரன் ஒருவனின் தலையை வெட்டுவது. தலைக்குப் பதில் பூசணிக்காய். அடுத்தது நடுக்கடலில் மூழ்கும் கப்பல். அதைத் துணி துவைக்கும் தொட்டியில் எடுத்தார். அதற்கடுத்தது கன்னிமாடத்து இரகசியங்கள். கன்னியாஸ்திரியாக நடித்தது அவர் மனைவி. பார்க்கப் பெருங்கூட்டம் வந்தது, கூடவே போலீசும் வந்தது. மனைவி கொட்டகையில் பியானோ வாசித்தவனோடு போய்விட்டார்.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது" என்றார். "பிரான்சில் ஒரு பெண் ரவிக்கையைக் கழற்றினால் போலீஸ்காரன் வருகிறான். காலனியில் ஒரு பெண் ரவிக்கை இல்லாமல் நின்றால் பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வருகிறார். அது பூகோளப் பாடமாகிவிடுகிறது. ஆப்பிரிக்காவில் மூன்று படம் எடுத்தேன். மூன்றும் ஓடின."

நானும் கூடவே சிரித்தேன். வில்லியனூர்ப் பக்கம் நடவு நடுகிற வயதான பெண்கள் யாரும் ரவிக்கை போடுவதில்லை என்பது படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனோம். மேலே ஏறுகிறவர்கள் காலில் ஒன்றும் போடக் கூடாது. வெள்ளைக்காரர்கள் பலர் அதற்கு மனமில்லாமல் கீழேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்களாம். வாசலில் இருந்த பெரியவர் என் சப்பாத்தைக் காட்டினார். "நான் இந்தத் துரையோடு வந்தவன்" என்று இந்துஸ்தானியில் சொன்னேன், ஏதோ அதில் ஒரு விலக்கு இருப்பதுபோல. அவர் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். முசே தம் பூட்சையும் காலுறையையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, துணி சுற்றிய கால் ஆணிகளோடு ஏற்கெனவே படியேறிக் கொண்டிருந்தார். நான் குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். புது முடிச்சு, லேசில் அவிழவில்லை. மேலே பொன் கோபுரத்தைச் சுற்றி வந்தபோது, பூ விற்ற பெண்களுக்கெல்லாம் அவர் தொப்பியை எடுத்து வணங்கினார். அவரை எந்த வகை மனிதராகக் கணக்கில் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது டிராமில் விஷயத்தைச் சொன்னார்.

"எங்கள் ஊரில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். புருஷன் செத்தால் பெண்டாட்டியைக் கூடவே வைத்து எரிப்பது."

"உடன்கட்டையா? அது நின்று எத்தனையோ காலமாயிற்றே, முசே."

"தெரியும். அதனால்தான் நாமே எடுக்க வேண்டியிருக்கிறது."

இந்தியாவில் எடுத்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். ரங்கூனில் தமிழர்கள் இருக்கிறார்கள், வைக்கோல் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. இதுதான் அவர் கணக்கு. பூசணிக்காய்த் தலைபோல இதுவும் ஒரு வித்தை என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணிக்கொள்வது சௌகரியமாகவும் இருந்தது.

ஆட்களைப் பிடிப்பது என் வேலை. ஆலை மேஸ்திரி கண்ணுசாமி உற்சாகமான மனிதர். படத்தில் தானும் வரலாம் என்றதும், ஞாயிற்றுக்கிழமை முழுக் கூட்டத்தையும் கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டார். "ஆம்பளை எத்தினி பேரு வேணும்னாலும் வருவாங்க சார். பொம்பளைக்குத்தான் இங்க பஞ்சம். அஞ்சலையைக் கேட்டுப் பாருங்க" என்றார்.

அஞ்சலை ஓடைக்கரையில் சோற்றுக்கடை வைத்திருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, வெற்று நெற்றி, அகலமான கைகள். கருவாட்டுக் குழம்பும் வள்ளைக்கீரை வதக்கலும் போட்டாள். அந்தக் கீரையை அங்கே தமிழர்கள்கூட கஸூன் என்றுதான் சொல்கிறார்கள்.

"எந்த ஊரு தம்பி?"

"புதுச்சேரி."

"நான் பாகூரு. ஏரிக்கரைத் தெரு." அதோடு என் தட்டில் இன்னொரு துண்டு கருவாடு விழுந்தது.

ஆலையில் வேலைபார்த்த அவள் புருஷன் இயந்திர வாரில் சிக்கி இறந்துபோனார் என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தீயில எறங்குற வேஷமா? நம்ம திரௌபதியம்மன் கூத்து மாதிரியா?"

"ஆமாக்கா. அது மாதிரிதான்."

"பூ, பொட்டெல்லாம் வைக்கணுமா?"

"வைக்கணும்."

"நான் தாலி அறுத்தவ தம்பி."

"வேஷம்தானேக்கா. யாரு என்ன சொல்லப் போறாங்க?"

அவள் கரண்டியை மறுபடி எடுத்தாள். சின்ன வயதில் பாகூரில் விடிய விடியக் கூத்துப் பார்த்ததைச் சொன்னாள். பெண்களை ஆட விடமாட்டார்கள் என்றாள். பிறகு, "சரி, வர்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் சம்பான் படகுகளில் ஏறி, ஆற்றுக்கு அக்கரையில் சிரியம் பக்கத்து வயல்வெளிக்குப் போனோம். படகோட்டி சிட்டகாங்காரர். நீர் இறங்கும் நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டோம் என்று அவர் வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவர் சொன்னது சரிதான். கரைக்குக் கொஞ்சம் முன்னால் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. முசே பொறுமையிழந்து இறங்கினார், தொடைவரை புதைந்தார். ஆலை ஆட்கள் நாலைந்து பேர் பாட்டுப் பாடி இழுத்தார்கள். அவர் வந்தார், ஒரு பூட்ஸ் வரவில்லை. அன்று முழுவதும் ஒற்றை பூட்ஸோடுதான் படம் பிடித்தார்.

அறுவடை முடிந்த வயலில் விறகு அடுக்கினோம். பிணமாகப் படுக்க யாரும் சம்மதிக்காததால் மேஸ்திரியே படுத்தார். புகைக்காக ஈர வைக்கோலைக் கொளுத்தியதும் பிணம் தும்மியது. கூட்டம் உருண்டு சிரித்தது. பூவும் பொட்டும் வைத்து, கூறைப் புடவை கட்டி நின்ற அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தோம் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார்.

வித்தை சுலபமானது. அவள் விறகின் மேல் ஏறி நிற்பாள். புகை வந்து மறைக்கும்போது முசே கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்துவார். அவள் பின்பக்கமாக இறங்கிவிடுவாள். அதே புடவை சுற்றிய வைக்கோல் பொம்மையை வைத்துக் கொளுத்திவிட்டு மறுபடி சுற்றுவார். உச்சிவெயிலுக்குள் அதெல்லாம் முடிந்தது. அஞ்சலை பெரிய அண்டாவில் புளிச்சோறு கட்டி எடுத்து வந்திருந்தாள். இலை போட்டு எல்லாருக்கும் பரிமாறினாள். முசே கையால் சாப்பிட்டு, விரலை நக்கி, இன்னும் கேட்டார்.

"இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி" என்றார் சாப்பிட்ட பிறகு. "அவள் முகம். கிட்டத்தில். அழுகை வேண்டும்."

பெட்டியை அவளுக்கு நேரே வைத்தார். அவளுக்கு அழத் தெரியவில்லை. கண்ணைக் கசக்கினாள், சிரிப்பு வந்தது.

"புருஷனைப் பற்றிக் கேள்" என்றார் எனக்கு.

கேட்டேன். சொன்னாள். வார் வேட்டியைப் பிடித்ததையும், ஆலைச் சங்கு ஊதியதையும், தான் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள். யாருடைய கதையையோ சொல்வதுபோல ஈரமில்லாமல் சொன்னாள். பலமுறை சொல்லித் தேய்ந்துபோன பேச்சு அது.

"பெயர் என்ன, அவனுக்கு?" என்றார் முசே, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். படத்தின் நடுவே காட்டும் விளக்க எழுத்தில் போட உதவும் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மேஸ்திரியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் அதைச் செய்யவில்லை. எங்கள் தேசத்து விஷயம் எனக்குத் தெரியும் என்று காட்ட ஆசைப்பட்டேன். நல்ல பிரெஞ்சில் விளக்கினேன்: "முசே, எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். உயிரே போனாலும் சொல்லமாட்டார்கள். அவர் இறந்த பிறகும்."

அவர் தலையைத் தூக்கினார். "அப்படியா? அப்படியானால் அதைத்தான் கேட்க வேண்டும்."

நான் கேட்டேன்.

"அக்கா, அவர் பேரு என்ன?"

"மேஸ்திரி சொல்லுவாரு" என்றாள் தலையைக் குனிந்தபடி.

"நீங்க சொல்லணுமாம்."

"என்ன தம்பி இது?"

"சொன்னாத்தான் படம் முடியுமாம். இந்தப் பெட்டிக்குள்ள சத்தம் போகாதுக்கா. உருவம் மட்டும்தான். யாருக்கும் கேக்காது."

அது உண்மைதான். அதனால்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன். கூட்டம் தூரத்தில் இலையை எடுத்துக்கொண்டிருந்தது. அவள் உதடு அசைந்தது, நின்றது. கைப்பிடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். "மாணிக்கம்." எனக்கே சரியாகக் கேட்காத குரல். சொன்ன மாத்திரத்தில் அவள் முகம் உடைந்துபோயிற்று. மறுபடி சொன்னாள். மறுபடியும். அவளால் நிறுத்த முடியவில்லை. வாழ்நாள் முழுக்க வாய்க்குள் வைத்திருந்தது வெளியே வந்துகொண்டேயிருந்தது. முசே கடைசிவரை சுற்றினார். நான் பக்கத்தில் தொப்பியோடு நின்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதுமா தம்பி?" என்று கேட்டாள்.

திரும்பும் படகில் பொட்டை அழித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மீந்த புளிச்சோற்றைப் படகோட்டிக்குக் கொடுத்தாள். அவள் சாப்பிடவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அந்த வாரம் முசே ஜப்பான்காரர் ஒருவரின் புகைப்படக் கடையில் இருட்டறையை வாடகைக்கு எடுத்துப் படத்தைக் கழுவினார். எனக்கும் காட்டிக்கொடுத்தார். பெட்டிக்குள் முதலில் பதிவது நெகட்டிவ். அதில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். அதிலிருந்து அச்சடித்த சுருளைத்தான் திரையில் காட்டுவது. நெகட்டிவ் கையில் இருந்தால் எத்தனை சுருள் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

பசுந்தாங்கில் படக்கொட்டகை வைத்திருந்த நாகப்பட்டினத்து மரைக்காயர் ஒருவர், ஒரு சாயங்காலம் அதைக் காட்டச் சம்மதித்தார். தங்களையே பார்க்க ஆலை ஆட்கள் திரண்டு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். முசேவுக்கும் ஆசை. திடலில் வளர்ந்தவர், சனங்களின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொல்வது என் பொறுப்பு.

"உனக்குப் பிடித்ததைச் சொல்" என்றார், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "உண்மையான எழுத்துகளைப் பிரான்சுக்குப் போய் மர்செயில் சேர்ப்பேன்."

"என்ன எழுதுவீர்கள்?"

"உயிரைப் பணயம் வைத்து, ஒளிந்திருந்து எடுத்த நிசக் காட்சி. சாகப்போகும் பெண்ணின் கடைசிக் கண்ணீர்."

என் ரொட்டியிலும் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் பெண்கள். அஞ்சலை வெளுத்த புடவை கட்டி, நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் குரலை உயர்த்தி ஒரு கதை கட்டினேன். உத்தமி ஒருத்தி, செத்த புருஷனை மீட்கத் தீயில் இறங்குகிறாள், தீ அவளைச் சுடவில்லை, அம்மன் அருளால் புருஷன் எழுந்துவிட்டான் என்றேன். மேஸ்திரி பிணமாகத் தெரிந்ததும் கொட்டகையே அதிர்ந்தது. ஒவ்வொருவரும் தன் தலை தெரிந்த இடத்தில் கத்தினார்கள். எல்லோரும் அஞ்சலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நல்லதொரு காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

பிறகு அந்த முகம் வந்தது. திரை முழுக்க அவள் முகம், ஒரு ஆள் உயரத்துக்கு அவள் வாய். சத்தம் இல்லை. சத்தம் தேவைப்படவில்லை. உதடு மூடித் திறந்து, மறுபடி மூடியது.

"பேரைச் சொல்லுது" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

"மாணிக்கம்னு சொல்லுது பாருடா. நம்ம மாணிக்கத்தை."

கொட்டகை அடங்கிவிட்டது. அந்த மனிதரோடு தோளோடு தோள் மூட்டை சுமந்தவர்கள் அங்கே பாதிப் பேர். யாரும் பெண்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்த கதை நின்றுபோயிற்று. படத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர் மட்டும் தெரியாமல் வாசித்துக்கொண்டேயிருந்தார். அஞ்சலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு எழுந்து, ஆட்களின் கால்களுக்கிடையே வழி தேடிக்கொண்டு வெளியே போனாள்.

"எப்படி அமைதியானார்கள், பார்த்தாயா?" என்றார் முசே. "பூசணிக்காய்க்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லை."

மறுநாள் காலை அவள் மாடிப்படி ஏறி வந்தாள். தனியாகத்தான் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

"தம்பி, யாருக்கும் கேக்காதுன்னு சொன்னீங்க."

நான் முசே பக்கம் பார்த்தேன்.

"அந்த எடத்தை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. தீயில எறங்குறது இருக்கட்டும். அது மட்டும் வாணாம்."

பிரெஞ்சில் சொன்னேன். முசே கவனமாகக் கேட்டார். உடனே ஒத்துக்கொண்டார். அச்சடித்த சுருளை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்தப் பகுதியைக் கண்டுபிடித்து, கத்திரிக்கோலால் நறுக்கி, ராணிக்குக் கொடுப்பதுபோல் குனிந்து அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் குனிந்திருந்தபோது அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டலில் அவர் என்னைத் தம் ஆளாகச் சேர்த்துக்கொண்டார். துறைமுகத்தில் இறங்கிய நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அதுதான். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அக்கா" என்றேன். "இது நகல்தான். மூலம் அந்தத் தகரப் பெட்டியில இருக்கு. அது இருந்தா இதை மாதிரி எத்தினி வேணும்னாலும் செய்யலாம்."

அவள் சுருளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தகரப் பெட்டியைப் பார்த்தாள். கூச்சல் ஒன்றும் போடவில்லை. நேரே போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன சொன்னாய் நீ?" என்றார் முசே.

"உள்ளதைச் சொன்னேன்."

"புதுச்சேரியில் ஏறியதிலிருந்து நீ செய்த முதல் தவறான மொழிபெயர்ப்பு இது" என்றார். கோபம் அவ்வளவாக இல்லை.

அவர் மேசையில் காகிதங்களைப் புரட்டினார். குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கெஞ்சினார், அதை நான் மொழிபெயர்த்தேன். பதிலுக்குப் பரிசுகள் தருவதாகச் சொன்னார், அதையும் மொழிபெயர்த்தேன். அவள் பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை. டோ தின் மேலே வந்து எட்டிப் பார்த்தாள். பர்மியத்தில் என்ன என்று கேட்க, அஞ்சலை தன் அரைகுறைப் பர்மியத்தில் இரண்டு வார்த்தை சொன்னாள். அந்த அம்மாள் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வந்து, இன்னொரு ஓரத்தில் தானும் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி சின்னது. இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் முசே தரையில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த திடல்காரச் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அவளிடம் சொல்" என்றார். "இத்தனை வருஷம் படம் பிடித்திருக்கிறேன். எல்லாம் பூசணிக்காயும் துவைக்கும் தொட்டியும்தான். நான் பிடித்ததில் பொய் இல்லாதது அது ஒன்றுதான். அதைக் கேட்கிறாள்."

அப்படியே சொன்னேன்.

"அது அவரு புடிச்சதில்ல" என்றாள் அஞ்சலை. "என்னுது."

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் சாவியை எடுத்ததும் பெண்கள் இருவரும் பெட்டியைவிட்டு எழுந்தார்கள். நெகட்டிவை ஜன்னலில் பிடித்து அந்த இடத்தைத் தேடினார். வெட்டிய துண்டை இந்த முறை குனியாமல் நீட்டினார். ஜாக்கிரதை, வெடித்து எரியும் என்று சொல்லச் சொன்னார். கொல்லையில், ஓடைப்பக்கம் அவள் இரண்டு துண்டுகளையும் போட்டு நெருப்பு வைத்தாள். ஒரே மூச்சில் எரிந்து போயிற்று. டோ தின் சாம்பலைக் காலால் தண்ணீருக்குள் தள்ளினாள்.

முசே அந்த வாரமே சைகோனுக்குக் கப்பலேறினார். என்னை வரச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துறையில் கட்டித் தழுவி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். உடன்கட்டைப் படத்தின் மீதி அவர் பெட்டியில்தான் போயிற்று. மர்செயில் என்ன எழுத்துகளோடு அது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. அதில் கூட்டமாக நிற்கும் அத்தனை பேரின் பெயரும் எனக்குத் தெரியும்.

சென்னைக் கப்பலுக்கு நான் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் தெருவில் நின்று மொஹிங்கா சாப்பிட்டேன். அஞ்சலை கடைப்பக்கம் போகவில்லை, வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன். கிளம்பும் அன்றுதான் போனேன். பார்க்காமல் போவது இன்னும் கேவலமாக இருந்தது.

"என்ன தம்பி, ஆளையே காணோம்?" என்று தட்டை வைத்தாள். சோறு, கருவாட்டுக் குழம்பு. மேஸ்திரிக்கு ஆலையில் இப்போது பிணம் என்றே பெயர் வந்துவிட்டதாகச் சொன்னாள். நான் சாப்பிட ஆரம்பித்தேன்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். "நாங்க பேரு சொல்ல மாட்டோம்னு அந்தத் தொரைக்கு எப்பிடித் தெரியும்? அவங்க ஊர்ல பொம்பளைங்க சொல்லுவாங்கதானே? எத்தினியோ இருக்க, சரியா அதை எப்பிடிக் கேட்டாரு?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். வெள்ளைக்காரர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பாள்.

"அவருக்குத் தெரியாதுக்கா. நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"எனக்குத் தெரியும்னு காட்டிக்கத்தான்."

அவள் கரண்டியோடு நின்றாள். அடுப்பில் ஏதோ பொங்கியது. போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆலை ஆளுக்கு ரசம் ஊற்றினாள், எனக்கும் ஊற்றினாள். அவருக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவே.

"சாப்பிடுங்க ஐயா" என்றாள். "கப்பலுக்கு நேரமாவுது."